திலகம் ஏறிய பேருந்து

ஜூன் 3, செவ்வாய்

தொடரில் என்னை இன்று முடித்துவிட்டார்கள். கார் விபத்து. நான் போக வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. போன பொங்கலுக்கு எடுத்த புகைப்படம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கி மாலை போட்டுவிட்டார்களாம். ஏழு வருடமாக அந்த வீட்டில் ராஜேஸ்வரி அண்ணியாக எத்தனை பேருடைய பாலில் என்னென்னவோ கலந்திருக்கிறேன்.

இயக்குநர் மகுடபதி சார் போனில் சொன்னார். “கதை அப்படிக் கேக்குதும்மா. நீ தப்பா எடுத்துக்காத. திரும்பக் கூப்பிடுவேன்.”

“செத்தவளை எப்படி சார் கூப்பிடுவீங்க?”

“சீரியல்ல அதெல்லாம் ஒரு விஷயமா அமலி.”

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஓய்வு தேவைப்பட்டது. பரணைச் சுத்தம் செய்ய வேண்டும். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும். இனி அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை என்று கணவரிடம் சொன்னேன். ஞானம் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், அதிகம் பேசமாட்டார். “சரி” என்று ரிமோட்டை எடுத்து அலமாரி மேல் வைத்தார்.

ஜூன் 10, செவ்வாய்

காய்கறிக்கடை அம்மா என்னைப் பார்த்ததும் தராசை இறக்கி வைத்துவிட்டார். ஏழு வருடமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். “நீ போனது அந்த வீட்டுக்கு நல்லதுதான்மா. ஆனா பாவமா இருந்துச்சு” என்று ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தார்.

என் படத்துக்குப் போட்டிருப்பது பிளாஸ்டிக் மாலை. பரணிலிருந்து இறங்கும்போது டிவியில் தற்செயலாகக் கண்ணில் பட்டது.

ஜூன் 16, திங்கள்

நிவேதன் என்று ஒரு பையன் போன் செய்தான். வளசரவாக்கத்தில் வீடியோ கேம் செய்கிறார்களாம். குரல் கொடுக்க ஆள் வேண்டும். “நான் வீட்ல உக்காந்து வேலை பாப்பேன், அம்மா ஹால்ல உங்க சீரியல் ஓட விடுவாங்க. உங்க முகம் எனக்குத் தெரியாதுக்கா. குரல் கேட்டாலே வயித்தக் கலக்கும்” என்றான். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனேன்.

பைக் மெக்கானிக் கடைக்கு மேலே முதல் மாடி. மொத்தம் எட்டுப் பேர், நிவேதன்தான் முதலாளி, முப்பது வயதுகூட இருக்காது. ரிஸ்வானா என்ற பெண்தான் எல்லா புரோகிராமும் எழுதுகிறாள். நான் வந்ததற்குத் தலையை நிமிர்த்தி ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், மறுபடி திரைக்குள் போய்விட்டாள். ஒலிப்பதிவு அறை என்பது சுவரெல்லாம் பழைய மெத்தை சாய்த்து வைத்த ஸ்டோர் ரூம். கீழே மெக்கானிக் சுத்தியலை எடுத்தால் நாம் நிறுத்த வேண்டும். அவர் டீ குடிக்கப் போனால் நாம் பேச வேண்டும்.

விளையாட்டின் பெயர் ‘கொண்டை ஊசி’. மலைப்பாதையில் ஒரு பேருந்து. மழையில் முன்னால் ஒரு மரம் விழுந்துவிட்டது, பின்னால் மண் சரிந்துவிட்டது. விளையாடுகிறவர்தான் கண்டக்டர். உள்ளே மாட்டிக்கொண்ட பயணிகளிடம் பேசிப் பேசிச் சாயங்காலம் வரை அவர்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என் பாத்திரம் ‘பயணி 3, பெண்’.

வசனம் பிறகு தருகிறார்களாம். முதலில் சத்தங்கள் மட்டும். வழுக்குவது, விழுவது, தூக்க முடியாததைத் தூக்குவது, மூச்சு வாங்குவது. வீட்டில் பழகிக்கொண்டு வரச் சொன்னான்.

தொடரிலிருந்து அழைப்பு வரும்வரைதான். சொல்லிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து பழகினேன். பள்ளத்தில் விழுவது ஒரு மாதிரி, படியில் விழுவது ஒரு மாதிரி. நாலாவது தடவை நன்றாக வந்தது. அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

எதிர் வீட்டு விசாலம் டீச்சரும் குடியிருப்புச் செயலாளரும் நின்றிருந்தார்கள். கதவைத் திறந்தது ஞானம். பூரி தேய்த்துக்கொண்டிருந்தவர், கையில் பூரிக்கட்டையோடு போயிருக்கிறார்.

“அமலி எங்க?” என்றார் டீச்சர்.

“உள்ள விழுந்துட்டிருக்கா” என்றார் இவர்.

நான் ஓடி வந்து விளக்க வேண்டியதாயிற்று. டீச்சர் பாதிதான் நம்பினார். போகும்போது என் காதருகே, “எப்ப வேணா கதவத் தட்டு, நான் முழிச்சிருப்பேன்” என்றார். இவர் பூரியைப் பொரித்து ஒரு தட்டு அவர்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

ஜூன் 24, செவ்வாய்

வசனம் வந்தது. முதல் வரி: ‘நீங்கள் நலமாக உணர்கிறீர்களா, ஓட்டுநர் அவர்களே?’

மெத்தைகளுக்கு நடுவே நின்று அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு மறுத்துவிட்டது. வெளியே வந்து, “நிவேதன், இந்தப் பொம்பள எந்த ஊருப்பா?” என்று கேட்டேன்.

“அது யோசிக்கலக்கா. இங்கிலீஷ்ல எழுதி அப்புறம் தமிழ்ல மாத்தினோம்.”

“பஸ் திடீர்னு நின்னிருக்கு. டிரைவர் நெத்தியில அடி. இவ என்ன சொல்வா? ‘டிரைவர் தம்பி, இங்க பாருப்பா, ரத்தம் வருது’ன்னு முந்தானையக் கிழிப்பா. நலமாவா உணர்றன்னு கேட்டுட்டு நிப்பாளா?”

ரிஸ்வானா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். “அப்ப எல்லா வரியையும் நீங்களே எழுதிடுங்கக்கா” என்றாள்.

நான் நடிகை, எழுத்தாளர் அல்ல என்று சொன்னேன். காகிதக்கட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதும் நான்தான்.

ஜூலை 2, புதன்

எழுதுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். தொடரில் எனக்கு ஒரு வரி, எதிரே இருப்பவருக்கு ஒரு வரி. அவர் என்ன சொல்வார் என்று முன்னாலேயே தெரியும். இங்கே எதிரே இருப்பவர் யாரோ ஒரு விளையாட்டுக்காரர். அவர் அன்பாகக் கேட்கலாம், அதட்டலாம், பொய் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் என் பெண்மணி வேறு வேறாகப் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பதிலை மறக்கவும் கூடாது. ரிஸ்வானா வெள்ளைப் பலகையில் கிளை கிளையாக வரைந்து காட்டினாள். “ஒருத்தி எல்லார்கிட்டயும் ஒரே மாதிரியா பேசுவா அக்கா? அதான்.”

அவள் மதுரைக்காரி. மதியம் என் தயிர்சாதத்தில் பாதியை அவள் எடுத்துக்கொள்கிறாள், அவளுடைய டப்பாவிலிருந்து கறிக்குழம்பு என் தட்டுக்கு வருகிறது. இது யாரும் பேசி முடிவு செய்ததல்ல.

ஜூலை 19, சனி

பயணி 3-க்குப் பெயர் வைத்துவிட்டேன். திலகம். ஐம்பது வயது. தனியாக மலைக்குப் போகிறாள். மடியில் ஒரு பழப்பை. எதற்குப் போகிறாள் என்று கேட்டால் அதட்டுகிறவர்களிடம் ‘உறவுக்காரங்க வீடு’ என்பாள். கொஞ்சம் பொறுமையாகப் பேசினால் சொல்வாள்: மேலே ஒருவர் இருக்கிறார், மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது, கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார், ஒரு தடவை நேரில் பார்க்கப் போகிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

நிவேதன் படித்துவிட்டு, “இவங்களுக்காகவே பஸ்ஸ எடுக்கணும் போலிருக்கே” என்றான்.

தொடரில் என் படத்தைக் கூடத்திலிருந்து மாடிப்படிக்குக் கீழே மாற்றியிருக்கிறார்கள். வெளிச்சம்கூடச் சரியாக விழவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹைதராபாத்தில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். வாழ்த்தி அனுப்பினோம். திங்கட்கிழமையிலிருந்து யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. படம் வரைகிற பையன் ரிஸ்வானாவுக்காகக் காத்திருக்கிறான், அவள் என் வசனத்துக்காகக் காத்திருக்கிறாள், நானோ அவன் படத்துக்காகக் காத்திருக்கிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து முறுக்கு தின்றோம்.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி நந்தம்பாக்கத்தில் ஒரு கண்காட்சி. அங்கே ‘கொண்டை ஊசி’யைப் பார்க்க வெளிநாட்டு வெளியீட்டாளர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் விளையாட்டு வெளிவரும். பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு அவரவர் வழியைப் பார்க்க வேண்டும். இதை நிவேதன் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படப்பிடிப்பில் ஏழு வருடம் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது புரொடக்‌ஷன் மேனேஜரை. எந்தக் காட்சிக்கு யார் தேவை, எதை முதலில் எடுத்தால் யார் வீட்டுக்குப் போகலாம், யாருக்குச் சோறு தாமதமானால் கோபம் வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதேபோல் யாருக்கு எப்போது என்ன வேலை என்று ஒரு கால்ஷீட் தயாரித்து வாசல் கதவில் ஒட்டினேன். மெக்கானிக்கிடமும் பேசிவிட்டேன்: பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவர் சுத்தியல் எடுக்க மாட்டார்.

மதியத்துக்குள் படம் வரைகிற பையன் என்னிடம் வந்து, “அக்கா, நாளைக்கு நான் பல் டாக்டர்கிட்ட போகலாமா?” என்று கேட்டான். என்னிடம் எதற்குக் கேட்கிறான் என்று தெரியவில்லை. சாயங்காலம் போகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அலுவலக ஜன்னலுக்கு இரண்டு மணிபிளான்ட் வாங்கினேன். எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜனும். அழைப்பு வரும்வரைதான் என்றாலும் காகிதக் கப்பில் எத்தனை நாள் குடிப்பது.

செப்டம்பர் 12, வெள்ளி

விளையாட்டின் பாதி வடிவத்தைச் சிலருக்குச் சோதிக்கக் கொடுத்திருக்கிறோம். குறைகளை எழுதி அனுப்புகிறார்கள். அதில் ‘வழிப்போக்கன்’ என்ற பெயரில் ஒருவர் எழுதுவதைப் படிக்கத்தான் இப்போது அலுவலகமே காத்திருக்கிறது.

‘மேற்படி பேருந்தின் பின்புற இருக்கையில் உள்ள பெட்டியைத் திறக்க முயன்றபோது கண்டக்டர் இருக்கைக்குள் பாதி உடலுடன் புதைந்துவிட்டார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.’

ரிஸ்வானா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். யாரும் கவனிக்காததைக் கவனிக்கிறார். ‘திருமதி திலகம் அவர்களிடம் மூன்றாவது முறை பேசும்போது அவர் சற்றுச் சிரிப்பது மிகவும் நன்றாக உள்ளது’ என்றும் எழுதியிருந்தார்.

வீட்டில் இவருக்கு வலது கட்டைவிரலில் வலி. அலுவலகத்தில் கோப்புகள் அதிகமாம். தைலம் தேய்த்துவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

வழிப்போக்கன் பத்துப் பக்கத்துக்கு எழுதுகிறார். வேலையில்லாத ஆள் போலிருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். “இருக்கலாம்” என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாங்கள் கொண்டாடுவது கிறிஸ்துமஸ்தான் என்றாலும் விசாலம் டீச்சர் வீட்டு அதிரசம் வந்தது. மழை.

அக்டோபர் 24, வெள்ளி

மகுடபதி சார் கூப்பிட்டார்.

“அமலி, நீ ரெட்டைப் பிறவி.”

“சார்?”

“ராஜேஸ்வரிக்கு ஒரு தங்கச்சி. கூடப் பொறந்தவ. அக்கா சாவுக்குப் பழிவாங்க வர்றா. இவ்ளோ நாள் உன்னக் கம்மியா யூஸ் பண்ணிட்டோம். இனி நீதான் கதை. நவம்பர் மூணுலேருந்து தினமும் வரணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் சமையலறையில் நின்றேன் என்று தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. இதற்குத்தானே காத்திருந்தேன். ரொம்ப சந்தோஷம்.

அலுவலகத்தில் சொன்னபோது நிவேதன் கைகொடுத்தான். “நீங்க நடிகைதானேக்கா, முதல்லயே சொன்னீங்க” என்றான். ரிஸ்வானா திரையிலிருந்து நிமிரவில்லை. தயிர்சாதத்தில் கை வைக்கவுமில்லை.

நவம்பர் 5, புதன்

தங்கைக்கு முகத்தில் ஒரு மச்சம். அவ்வளவுதான் வித்தியாசம். மேக்கப் அறையில் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த என் படத்துக்கு முன்னால் நானே நின்று சபதம் செய்தேன். ஒரே டேக்.

காட்சிகளுக்கு நடுவே திலகத்தின் முடிவை எழுதிவிடலாம் என்று காகிதம் கொண்டு போயிருந்தேன். பாதை சரியாகிறது. பேருந்து கிளம்பப் போகிறது. திலகம் மேலே போகிறாளா, திரும்புகிறாளா? மேலே என்று எழுதினேன், அடித்தேன். திரும்புகிறாள் என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ரிஸ்வானா போன் செய்தாள். நான் மச்சத்தோடு, கையில் துப்பாக்கியோடு நின்றிருந்தேன்.

“அக்கா, முடிவு இல்லாம நான் எதை வச்சுக் கட்டுறது? கால்ஷீட்ட யாரும் மாத்தல. போன வாரத்துதுதான் இன்னும் கதவுல தொங்குது. படம் போடறவன் பழைய காட்சியவே ரெண்டாந்தடவ போட்டுட்டிருக்கான். நீங்க இனிமே வரமாட்டீங்கன்னா சொல்லிடுங்க. நாங்க ஏதோ ஒண்ணு பண்ணிக்கறோம்.”

“வருவேன்டி.”

“எப்ப?”

அதற்குள் ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த காட்சியில் நான் அழக்கூடாது, கர்ஜிக்க வேண்டும். இயக்குநர் இரண்டு முறை கட் சொன்னார்.

நவம்பர் 11, செவ்வாய்

மகுடபதி சாருக்குக் காய்ச்சல், படப்பிடிப்பு இல்லை. பிழைத்தேன் என்று ஏன் எழுதத் தோன்றுகிறது என்று தெரியவில்லை.

காலையில் இவருடைய செல்போன் சாப்பாட்டு மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இவர் குளியலறையில். அலுவலகமோ என்று எடுத்துப் பார்த்தேன். நிவேதனிடமிருந்து செய்தி: ‘வழிப்போக்கன் சார், முடிவுப் பகுதி தாமதமாகும், மன்னிக்கவும்.’

துண்டோடு வெளியே வந்தவர் என் கையில் போனைப் பார்த்தார்.

“நிவேதனுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியாது. சோதிக்க ஆள் வேணும்னு நீதானே சொன்னே. பேர் மாத்திக் கொடுத்தேன்.”

“கட்டைவிரல்?”

“மரத்த நகத்துற இடம் ரொம்பக் கஷ்டம் அமலி. நாப்பது தடவையாவது அழுத்தணும்.” நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். “சீரியல்ல நீ பேசறதையெல்லாம் நான் பாத்துட்டுதான் இருந்தேன். அதுல நீ திட்டுவே, சதி பண்ணுவே. இந்தத் திலகம் பேசறது எனக்குப் புதுசா இருந்துச்சு. வேற என்ன சொல்வான்னு கேக்கணும்னு, திரும்பத் திரும்பப் போய்ப் பேசினேன்.”

இருபது வருடத்தில் இவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. தோசை கருகிவிட்டது. கருகியதையே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

“அந்தம்மா கடைசியில மேல போவாங்களா, மாட்டாங்களா?” என்று அலுவலகம் கிளம்பும்போது கேட்டார்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“போய் ஒரு காபி குடிச்சுப் பாக்கலாமே. அன்னைக்கே ஏன் முடிவு பண்ணணும்.”

நவம்பர் 12, புதன்

திலகத்தின் முடிவை எழுதிவிட்டேன். மேலே போகிறாள். கண்டக்டர் வாழ்த்தினால், ‘இன்னும் ஒண்ணும் ஆகல கண்டக்டரே, காபி குடிக்கத்தான் போறேன். கடைசி பஸ்ஸுக்கு எடம் போட்டு வைங்க, தேவைப்பட்டா வர்றேன்’ என்கிறாள்.

பிறகு தொடருக்கும் ஒரு காட்சி எழுதினேன். யாரும் கேட்கவில்லை. வேறு வழி தோன்றவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மகுடபதி சார் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் தினமும் வர முடியாது, வாரத்தில் ஒரு காலை மட்டும் வர முடியும் என்றேன்.

“பழிவாங்க வந்தவ வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவாளா?”

“சபதம் பண்ணிட்டு துபாய்க்கே திரும்பிப் போயிடறா சார். அங்கேருந்தே பழிவாங்குறா. வீடியோ கால்ல. சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவா, யாரும் எடுக்காம இருக்க முடியாது. முகம் மட்டும் சுவர் டிவியில பெரிசா வரும். மொத்த வாரத்துக்கும் ஒரு காலையில எடுத்துடலாம்.” காகிதத்தைக் கொடுத்தேன்.

படித்தார். இரண்டாம் பக்கத்தில் போர்வை தோளிலிருந்து இறங்கியது. “அந்த அக்கா படத்துக்குப் பக்கத்துல டிவிய மாட்டுறோம்” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “யார் எழுதினா இத?”

“நான்தான்.”

“மிச்ச வீடியோ கால் எல்லாத்தையும் நீயே எழுதிடு.”

கதவுவரை வந்தபின் கூப்பிட்டார். “வேற எங்க வேலை பாக்கறே?”

“வீடியோ கேம் சார். எழுதுறேன், குரல் கொடுக்குறேன், அப்புறம் எல்லாரையும் நேரத்துக்கு வேலை செய்ய வைக்கிறேன்.”

“அதுக்குப் பேருதான் புரொடியூசர்” என்று சொல்லி ஆரஞ்சை உரித்தார்.

நேராக வளசரவாக்கம் போனேன். கதவில் தொங்கிய பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்டினேன். ரிஸ்வானா ஹெட்போனைக் கழற்றாமலே தன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 21, வெள்ளி

முடிந்தது. எங்கள் படப்பிடிப்பு வழக்கப்படி வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். மெக்கானிக்தான் உடைத்தார், சுத்தியலால். வழிப்போக்கனை நேரில் அறிமுகப்படுத்தினேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இவர் கூச்சத்தில் இன்னொரு குறையைச் சுட்டிக்காட்டினார். ரிஸ்வானா அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தாள்.

நவம்பர் 22, சனி

கண்காட்சி. வெளியீட்டாளர் காலையிலேயே வந்தார், முழுக்க விளையாடினார், மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துக்கொண்டே இரண்டு இடத்தில் சிரித்தார். பேசலாம் என்று நிவேதனைத் தனியே கூட்டிப்போனார். நிவேதன் திரும்பி வந்தான். கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். ரிஸ்வானா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், இன்னும் எரிகிறது.

ஆனால் நான் எழுத நினைத்தது இதை அல்ல.

மூன்று மணிவாக்கில் ஒரு கல்லூரிப் பெண் தன் அப்பாவை எங்கள் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “இங்கயே இருப்பா, பக்கத்து ஸ்டால் பாத்துட்டு வர்றேன்” என்று போய்விட்டாள். அவர் மடியில் அவளுடைய பை. திரையில் பேருந்து நின்றுகொண்டிருந்தது, திலகத்துக்குப் பக்கத்தில் கண்டக்டர். அவருக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. விளையாடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் எதையும் தேர்ந்தெடுக்காமல் ரொம்ப நேரம் இருந்தால் திலகம் பேசுவதற்கென்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். யாரும் அவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை, அதனால் அது வெளியே வந்ததே இல்லை. வழிப்போக்கன்கூடக் கேட்டதில்லை. இப்போது மழைச் சத்தத்துக்கு நடுவே அது வந்தது. ‘ஒண்ணும் பேச வேணாம் கண்டக்டரே. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க, போதும்.’

அந்த மனிதர் பையைச் சரிசெய்து வைத்துக்கொண்டார். “சரிங்கம்மா” என்றார் திரையைப் பார்த்து. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. நிவேதன் அவருக்குக் கற்றுக்கொடுக்கப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.